கரிசல் வெடிப்பில் கொட்டிய மருந்து

கழுகுமலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறேன். கோடையில் எங்கள் கரிசல் நிலம் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். கூட்டியள்ளிய தீக்குச்சி மருந்துத் தூளை முன்பெல்லாம் அந்த வெடிப்பில்தான் கொட்டுவோம். மழை பெய்தால் மண்ணே மூடிக்கொள்ளும் என்று நினைப்பு.

அப்படிக் கொட்டக் கூடாது என்று ஊர் ஊராகப் போய் மனுவில் கையெழுத்து வாங்குபவர் மாரி. காட்டுநாயக்கர் சமூகத்துப் பெண். என்னிடமும் வந்தார். "பாக்கலாம்மா" என்று அனுப்பிவிட்டேன்.

போன சித்திரையில் அவர் மறுபடி வந்தபோது, என் ஆறு வயது மகள் வெடிப்புக்குள் கம்பியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தாள். மாரி மனுவைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிள்ளையை வாரித் தூக்கினார். கம்பி உரசிய இடத்திலிருந்து குபுக்கென்று தீ எழும்பியது. மகளுக்கு ஒன்றுமில்லை. மாரியின் சேலை முந்திதான் கருகியது.

பிள்ளையை வாங்கிக்கொண்ட என்னிடம் தன் வலது கையை நீட்டினார். மூன்று விரல்கள் ஒன்றாக ஒட்டியிருந்தன.

"எனக்கும் அப்ப ஆறு வயசுதான் அண்ணாச்சி. இதே மாதிரி வெடிப்புதான். 'ஒம் பிள்ளைக்கு அங்கன என்ன வேலை'ன்னு ஆபீஸ்காரவ எங்க அய்யாவைத்தான் ஏசுனாவ. அதான் இப்படி அலையுதேன்."

இப்போது கழிவைத் தண்ணீரில் ஊறவைத்து, டிரம்மில் அடைத்து, முறைப்படி எடுத்துச் செல்பவர்களிடம் கொடுக்கிறேன். மனுவில் என் கையெழுத்தும் இருக்கிறது. மாரி மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார். டிரம்மை அல்ல, முதலில் என் மகளைத்தான். "ஏட்டி, கையைக் காட்டு" என்று விரல்களை எண்ணுவார். பத்தும் இருக்கும். அவருக்கு மட்டும் ஒருதரம் எண்ணினால் போதாது.