கோர்ட்டு இங்கிலீஷ் படிக்க வந்தவர்கள்

'குட் மார்னிங்' படிக்க வருகிறவரை நம்பி வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம். ஜாமீனுக்கு இங்கிலீஷில் என்ன சொல் என்று கேட்டுக்கொண்டு வருகிறவரைத்தான் ஏற இறங்கப் பார்க்க வேண்டியிருக்கிறது. பினாங்கில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடத்திப் பிழைத்தவன் நான். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு என் அவஸ்தை புரியும்.

சாப்பாட்டுக்கடை காதர்

சூலியா தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த காதர் அண்ணனுக்குக் கோர்ட்டுச் சொற்கள் மட்டும் போதுமாம். சத்தியம், சாட்சி, திருட்டு, பூட்டை உடைத்தல். அதற்கு முந்தின வாரம்தான் அவர் கடைக்கு எதிரே ஒரு ஜவுளிக்கடையில் பூட்டை உடைத்திருந்தார்கள். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் பாடம் சொன்னேன்.

அவர் அதைக் கவனித்துவிட்டார். திருட்டைக் கண்ணால் பார்த்த சாட்சி தான்தான் என்றார். முன்பு ஒரு வழக்கில் இவர் தமிழில் ஒன்று சொல்ல, கோர்ட்டுத் துபாசி இங்கிலீஷில் வேறொன்று சொல்லிவிட்டாராம்.

"பொய் சொல்லணும்னா துபாசியே போதும் வாத்தியாரே. நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு இங்கிலீஷ் வேணும்."

கடைசி பெஞ்சு

விறைப்பான மீசையோடு ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எதையும் எழுதாமல் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார். சாதா உடுப்பில் வந்த போலீஸ் என்று பேச்சு பரவிவிட்டது. துறைமுகத்தில் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களிடம், காதர் அண்ணனுக்காக ஆரம்பித்த 'நீ என்ன திருடினாய்?' என்ற பயிற்சி வாக்கியத்தைக் கேட்டால், ஒருவரும் வாய் திறப்பதில்லை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அவரைத் தனியாக அழைத்து என்ன வேலை என்று கேட்டேன். தையல்காரராம்.

"வந்த நாள்லேர்ந்து எல்லாரும் திருட்டைப் பத்தியே பேசறீங்க. இது பள்ளிக்கூடம்தானான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன் சார்."

அஞ்சலை

சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து, அக்கரையில் பிறை என்ற ஊருக்கு வந்து படகேறி, அஞ்சலை என்ற பெண் வந்தாள். காதர் அண்ணன் அனுப்பியிருந்தார். ரப்பர் ஷீட் திருடினான் என்று அவள் புருஷனை லாக்கப்பில் வைத்திருந்தார்கள். புகார் கொடுத்தவர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. கோர்ட்டில் மொழிபெயர்க்கப் போகிறவரும் அவரேதான். மாஜிஸ்திரேட் துரை எதைக் கேட்டாலும் 'எஸ்' என்று மட்டும் சொல், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று புருஷனிடம் சொல்லி வைத்திருந்தார்.

எனக்குக் கிராணி மேலும் சந்தேகம், இவள் மேலும் சந்தேகம். புருஷன் எடுத்தானா என்று கேட்டேன். இல்லை என்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். 'நாட் கில்ட்டி' என்பதையும், வேறு துபாசி வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தேன். படகுத்துறை வரை முணுமுணுத்துக்கொண்டே போனாள். லாக்கப் கம்பிக்கு வெளியே நின்று புருஷனுக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள்.

கோர்ட்டில் அவன் அதைச் சொன்னதும் மாஜிஸ்திரேட் கிராணியை விலக்கிவிட்டு வேறு துபாசியை வரவழைத்தார். குறுக்கு விசாரணையில் கிராணியின் பேச்சு முன்னுக்குப்பின் முரணானது. வழக்கு தள்ளுபடி. இருவரும் வாழைப்பழச் சீப்போடு என்னைப் பார்க்க வந்தார்கள். சந்தோஷத்தில் அவனிடம் இங்கிலீஷில் பெயரைக் கேட்டேன். 'நாட் கில்ட்டி' என்றான். ஊரைக் கேட்டேன். அதற்கும் அதேதான். அஞ்சலை சிரிக்கவில்லை.

"விடுங்க சார். இனிமே யார் என்ன கேட்டாலும் அவரு 'எஸ்' சொல்றதா இல்ல."

பழைய மாணவர் கோர்ட்டுப் பக்கம் நடந்து போவதைப் பார்த்தால், சாட்சியாகப் போகிறாரா கைதியாகப் போகிறாரா என்று கேட்கவும் எனக்குப் பயம், கேட்காமல் இருக்கவும் பயம்.