பனியில் பறந்தவருக்குப் பூதலூரில் ஓர் இலை

தை மாதம், சனிக்கிழமை காலை எட்டரை மணி. திருச்சி ஜங்ஷனில் தஞ்சாவூர் பாசஞ்சரில் நானும் லூகாவும் ஏறினோம். லூகா ஸ்லோவேனியாக்காரர். வயது முப்பத்து நான்கு, அதற்குள் ஓய்வு பெற்றவர். பனிமலைச் சரிவிலிருந்து குதித்துப் பறக்கும் ஸ்கை ஜம்பிங் அவருடைய விளையாட்டு. என் அக்கா மகள் கவிதா அந்த நாட்டில் பிசியோதெரபிஸ்ட். முட்டிக்கு வைத்தியம் பார்க்கப் போய், முட்டியோடு ஆளையும் பிடித்துப்போய்விட்டது.

அம்மா சரி என்றால்தான் கல்யாணம் என்று கவிதா சொல்லிவிட்டாள். பூதலூரில் தனியாக நின்று மூன்று ஏக்கர் விவசாயம் பார்க்கும் அக்காவோ மகளிடம், "நீ வராத. நீ பக்கத்துல இருந்தா அந்தப் புள்ள எப்படின்னு எனக்குத் தெரியாது. அவரை மட்டும் அனுப்பு" என்றாள். மொழிபெயர்க்க என்னைச் சென்னையிலிருந்து வரவழைத்தார்கள்.

பூதலூர் முப்பது கிலோமீட்டர் சொச்சம். திருவெறும்பூரில் ஏறிய ஜவுளிக்கடைக்காரர் எதிரில் உட்கார்ந்து, இவருக்கு என்ன வேலை என்று கேட்டார். பறப்பார் என்றேன். பைலட்டா என்றார். விமானம் இல்லாமல் என்றதும் அவர் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. லூகா செல்போனில் பழைய வீடியோ ஒன்றைக் காட்டினார். ஆளைவிட நீளமான இரண்டு பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு ஐஸ் தடத்தில் சறுக்கி வருகிறார். தடம் முடிந்த இடத்தில் எம்பி, முகம் பலகையைத் தொடுமளவு சாய்ந்து, காற்றின்மேல் படுத்துக்கொள்கிறார். இருநூறு மீட்டர் தாண்டித்தான் தரை. கடைக்காரர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "வீட்ல சொல்லிட்டுத்தான் செய்வாருங்களா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

ஏழு வயதில் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த சின்ன மேட்டில் ஆரம்பித்ததாம். பதினேழில் நாட்டின் அணி. தனியாக ஒருமுறைகூட முதலில் வந்ததில்லை, ஒரே ஒரு தடவை மூன்றாவது. அணியோடு வாங்கிய பதக்கம் அம்மா வீட்டு அலமாரியில் இருக்கிறது. முப்பத்தொன்றில் தரையிறங்கும்போது முட்டி போனது, அத்தோடு சரி. இப்போது ஜன்னல் செய்யும் பட்டறையில் வேலை. இதையெல்லாம் வருத்தமே இல்லாமல் சொன்னார். எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது.

பூதலூர் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவுக்கு நூறு ரூபாய். சம்பா அறுவடை நேரம், பாதி ரோட்டை நெல் பிடித்திருந்தது. பெண்கள் காலால் துழாவிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோக்காரர் மீதிப் பாதியில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் வழிவிட்டு நிதானமாகப் போனார். லூகா நெல்லையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பன்னிரண்டரைக்கு அக்கா இலை போட்டாள். அவருக்கு முட்டி மடங்காது என்று மேசையில்தான். புது அரிசிச் சோறு, முருங்கைக்காய் சாம்பார், வத்தக்குழம்பு, வாழைக்காய் வறுவல், ரசம். எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்குப் பரிமாறினால் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இலையில் ஒரு ஓரம் காலியானால் கரண்டி அங்கே போய்விடும். அக்காவும் அப்படித்தான் கண்ணை எடுக்காமல் நின்றாள். லூகா நான்கு கவளம் சாப்பிட்டார். பிறகு இலைமேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது.

அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "என் வயல்ல விளைஞ்ச சோறுடா. அதை ஒதுக்குறவனுக்கு எப்படிப் பொண்ணைக் கொடுக்கிறது? போய்க் கேளு."

கவிதாவின் கல்யாணம் அந்த இலையோடு எழுந்து போய்விடும் என்று பயந்தேன். போய்க் கேட்டேன். லூகா தலை நிமிராமல் சொன்னார். எடை கூடினால் பறக்கும் தூரம் குறையுமாம். பதினான்கு வருடம் அரை வயிறுதான், பல ராத்திரி ஒரு ஆப்பிள். பயிற்சியாளர் ஒவ்வொரு மேசையாக வந்து பின்னால் நின்று தட்டைப் பார்ப்பாராம். விளையாட்டை விட்டு மூன்று வருடமாகியும், யாராவது நின்று பார்த்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. கவிதா சோறு போட்டுவிட்டு வேறு அறைக்குப் போய்விடுவாளாம்.

அக்காவிடம் அப்படியே சொன்னேன். கரண்டியைச் சட்டியில் போட்டாள். பிறகு சோற்றுச் சட்டி, குழம்பு, ரசம் எல்லாவற்றையும் கொண்டுபோய் லூகாவின் கைக்கு எட்டும்படி வரிசையாக வைத்தாள். என் சட்டையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் இழுத்துவந்து கதவைச் சாத்தினாள். விருந்தாளியை இலையோடு தனியாக விட்டு அவள் வெளியே வந்ததை நான் பார்த்ததே இல்லை. துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"ரசம் ஊத்திக்கத் தெரியுமாடா அதுக்கு?"

தெரியாது என்றேன். உள்ளே கரண்டி சட்டியில் உரசும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாவது முறை சத்தம் கேட்டபோது, கவிதாவுக்குப் போன் போடச் சொன்னாள். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் பாவம், தூங்கியிருக்க மாட்டாள். போனை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயே சொல்லு. கல்யாணப் பந்தியில மாப்பிள்ளை பக்கத்துல ஒருத்தரும் நிக்கக் கூடாது. அதை நான் பாத்துக்கறேன்னு சொல்லு."