பொட்டை அடைத்த தகரம்

வட்டுக்கோட்டைப் பக்கம் பூங்கன்று வளர்க்கும் குணலட்சுமிக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பால்காரன் தண்ணீர் கலக்கிறான் என்பாள்; கலக்காத நாளில், இன்றைக்கு ஏன் கலக்கவில்லை என்று யோசிப்பாள். புருஷன் செத்து, பிள்ளைகளும் கனடாவுக்குப் போன பிறகு இந்தக் குணம் இன்னும் முற்றிவிட்டது. அவள் வீட்டுக்குக் கேட்டுக் கேள்வியில்லாமல் வந்துபோன ஒரே ஆள் பக்கத்து வளவு உதயகலா. இரண்டு வளவுக்கும் நடுவேலியில் ஆள் குனிந்து நுழையுமளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. கறிக் கிண்ணம் போவதும் வருவதும் அதால்தான். குணலட்சுமி காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி வந்ததும் அதால்தான்.

அந்தப் பொட்டுக்குப் பக்கத்தில்தான் அவளுடைய நீல வண்ணத்துப்பூச்சிச் செடி நின்றது. துளசிக்கு உறவான செடி. பூத்தால் கொப்பெல்லாம் நீலப் பூச்சிகள் குந்தியிருப்பதுபோல் இருக்கும். கண்டியில் தமக்கையிடம் கெஞ்சி வாங்கி, ஈரத்துணி சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து நட்ட தடி. ஊரில் வேறு யாரிடமும் இல்லை. இருக்கவும் கூடாது என்பதில் அவள் கண்ணும் கருத்துமாக இருந்தாள். இளசும் முற்றலும் இல்லாத கொப்பாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே வெட்டி, அடியிலைகளைக் கிள்ளி, குருமணலில் ஊன்றி, அடி வெட்டிய போத்தலால் மூடிவைப்பாள். வேர்பிடித்த கன்றெல்லாம் அவள் முற்றத்துக்கே. யாராவது ஒரு தடி கேட்டால், "உது எங்கடை மண்ணிலை வேர் விடாது" என்று கையை விரிப்பாள். மிச்சக் கொப்புகளை யாரும் பொறுக்கிவிடாமல் அடுப்பில் வைத்து எரிப்பாள்.

இவ்வளவு காவலுக்குப் பிறகும், போன சித்திரையில் உதயகலாவின் பக்கத்து வேலியோரத்தில் அதே நீலம் தெரிந்தது. குணலட்சுமி பொட்டால் நுழைந்துபோய்க் கேட்டாள்.

"கலா, உது எப்பிடி உங்கை வந்தது?"

"தெரியாதக்கா. தானா முளைச்சு நிக்குது. வடிவாக் கிடக்கெண்டு விட்டிட்டன்."

"ஆற்றை காதிலை பூச் சுத்திறாய்? நான் விதையே விழ விடுறேல்லை, தானா முளைக்குமோ?"

"அக்கா, நான் களவெடுப்பனே?"

குணலட்சுமி விறுக்கென்று தன் வளவுக்குத் திரும்பினாள்.

மறுநாளே பொட்டைத் தகரத்தால் அடைத்தாள். கீழால் கைவிட்டு ஒரு கொப்பு முறித்தாலும் முறிப்பாள் என்று, தகரத்தை மண்ணுக்குள் ஆழப் புதைத்தாள். தகரத்தில் ஒரு ஆணித் துளை இருந்தது. தினமும் அதில் கண்ணை வைத்து அந்தப் பக்கத்துப் பூக்களை எண்ணினாள். கறிக் கிண்ணம் நின்றது. கதை நின்றது. அவளுக்கு மனம் வெறிச்சோடியது. ஆனாலும் கள்ளியிடம் என்ன கதை என்று வீம்பாக இருந்தாள்.

மாரி வந்தது. அவள் வளவின் வெள்ளம் வழக்கமாக அந்தப் பொட்டால்தான் பள்ளத்துக்கு ஓடும். இப்போது தகரம் மறித்து நின்றது. தண்ணீர் தேங்கி, பெரிய செடியும் கன்றுகளும் அடியழுகிச் செத்தன. உதயகலாதான் ஏதோ ஊற்றிவிட்டாள் என்று முதலில் அதையும் அவள் தலையில் போட்டாள்.

மழை விட்டபின், பட்ட செடியை மண்வெட்டியால் கிளறினாள். தடித்த வேரொன்று வேலிக்குக் கீழால் உதயகலாவின் வளவுக்குள் ஓடியிருந்தது. வழியெல்லாம் அதில் காய்ந்த முளைகள். மேலே வெட்டவெட்ட, செடி கீழால் கன்று விட்டிருக்கிறது. குணலட்சுமி மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிலத்திலேயே குந்திவிட்டாள். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

கத்தியை எடுத்துக்கொண்டு ஒழுங்கையால் சுற்றிப்போய், உதயகலாவின் படலையைத் தட்டினாள்.

"ஆர்? நீங்களோ அக்கா? படலையிலை தட்டினவுடனை ஆரோ பிறத்தியாராக்கும் எண்டு நினைச்சன்."

"கலா, செடி தானாத்தான் வந்தது. வேரைக் கண்டனான். என்ரை செடி செத்துப் போச்சு. ஒரு தடி தருவியே?"

உதயகலா வேலியோரம் கூட்டிப்போனாள். செடி ஆளுயரத்துக்கு வளர்ந்து பூத்துக் கிடந்தது. அடியில் வாடி உதிர்ந்த பூக்கள் மெத்தையாகக் கிடந்தன.

"வேண்டியளவு வெட்டுங்கோ. சாமிக்கு வைக்கக்கூட நான் ஒரு பூ ஆயேல்லை. நீங்கள் ஆணி ஓட்டையாலை எண்ணுறது எனக்குத் தெரியும். ஒண்டு குறைஞ்சாலும் என்னைக் கள்ளியெண்டு சொல்லுவியளே."

குணலட்சுமி வெட்டவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தகரத்தைப் பிடித்து இழுத்தாள். அது ஆழமாகப் புதைந்திருந்தது. உதயகலா வந்து மற்ற விளிம்பைப் பிடித்தாள்.