வெறும் வயிறும் ஜவ்வரிசிக் கிச்சடியும்

சர்க்கரை நோய் ஆராய்ச்சியில் ரத்தம் எடுப்பது சுலபம்; ரத்தத்தின் சொந்தக்காரரை வரவழைப்பதுதான் பெரும்பாடு. வீட்டில் ஒரு விஞ்ஞானி இருப்பதால் பிறந்தநாளுக்கும் வெள்ளரிக்காய் தின்கிற என் சக தியாகிகளுக்கு இது புரியும். மராட்டி பேசும் ஏரவாடாவில் ஒரே தெருக்காரர்களின் எடை, இடுப்பளவு, ரத்தச் சர்க்கரை மூன்றையும் என் அம்மா ஒன்பது வருடமாகப் பார்த்து வருகிறாள். இந்தத் தடவை யாரும் வரவில்லை. "மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா ஒன்பது வருஷமும் வேஸ்ட்டுடி" என்றாள். எல்லார் குரலிலும் பேசத் தெரிந்த பதினாறு வயதுக்காரி நான். போன் செய்யும் வேலை எனக்கு வந்தது.

ஏகாதசி யோசனை

ஆஷாட ஏகாதசியன்று ஊரே விரதம். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க இதைவிட நல்ல நாள் உண்டா? பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத எங்கள் தஞ்சாவூர் அத்தையை நினைத்து நான் சொன்னேன்; அதே அத்தையை நினைத்து அம்மாவும் தலையாட்டினாள்.

காலையில் இருபத்துமூன்று பேர் வந்தார்கள், பக்தியோடும் ஏப்பத்தோடும். இங்கே விரதமென்றால் ஜவ்வரிசிக் கிச்சடி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை எல்லாம் உண்டாம்! ஒருவரிடமும் ரத்தம் எடுக்க முடியவில்லை. இங்கே சித்தி என்றால் மாவ்ஷி, அக்கா என்றால் தாயி. வரிசையில் முதலில் நின்ற சுமன் மாவ்ஷி, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு டப்பாவைத் திறந்து நீட்டினார்: "நீங்களும் விரதம்தானே தாயி? ரெண்டு ஸ்பூன் சாப்பிடுங்க, தெம்பா இருக்கும்."

அம்மா குரல்

ஒரு நாள் பொழைப்பு போன கோபத்தில், அதன்பின் தெருவில் யாரும் வர ஒப்புக்கொள்ளவில்லை. பன்னுக்குள் உருளை போண்டா திணித்த வடாபாவை வண்டியில் விற்கும் ஷிண்டே காகா, தெருவுக்கே சித்தப்பா; அவர் சொன்னால் தெருவே வரும். ஆனால் காகாவே டிமிக்கி! அம்மா குரலில் அவருக்குப் போன் போட்டேன். மூக்கைக் கொஞ்சம் அடைத்து, மராட்டியைத் தமிழ் மாதிரி இழுத்து, உடம்பை விசாரித்து, தயவாகக் கேட்டு, நன்றியும் சொன்னேன். காகா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "பொண்ணே, உங்கம்மா என்னைத் திட்டாம போனை வெச்சதே இல்ல. அவங்ககிட்ட குடு."

வடாபாவ்

கொடுத்தேன். அம்மா நாலு நிமிஷம் திட்டினாள். பிறகு, "நீங்களே வரலைன்னா நான் யாரைக் கூப்பிடுவேன் காகா?" என்று உடைந்துபோய்க் கேட்டாள். அந்தக் குரலை நான் இதுவரை யாருக்கும் செய்து காட்டவில்லை.

கடைசி சனிக்கிழமை, ஷேர் ஆட்டோக்களில் தெருவையே ஏற்றிக்கொண்டு காகா வந்து இறங்கினார். எல்லாரும் நிஜமாகவே வெறும் வயிறு. கடைசி ஆளும் ரத்தம் கொடுத்து முடித்ததும், அம்மாவின் கையில் ஒரு சூடான வடாபாவை வைத்தார். எண்ணெயைப் பற்றி ஊருக்கே வகுப்பு எடுக்கிறவள், எல்லார் முன்னாலும் மிளகாயைக்கூட மிச்சம் வைக்காமல் தின்றாள். காகா கடிகாரத்தைப் பார்த்தார். "பயப்படாதீங்க தாயி, ரெண்டு மணி நேரம் கழிச்சு உங்க விரலையும் குத்திப் பார்த்துடலாம்."

ஆக, ஒன்பது வருட ஆராய்ச்சி பிழைத்துக்கொண்டது. அடுத்த வருடம் வரிசையில் முதல் ஆளாக அம்மா நிற்கவேண்டும் என்பது மட்டும் காகாவின் நிபந்தனை.