இரண்டு பேருக்கு இடம்

என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டுவது நான், நல்ல ஹோட்டலாகப் பார்த்துச் சொல்வது அவர். தசரா லீவில் பெங்களூர் பொம்மனஹள்ளியிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் இதுதான் ஏற்பாடு. நான் வண்டியை ஓரங்கட்டுவேன். அவர் உள்ளே போய்க் கை கழுவும் இடத்தைப் பார்ப்பார். சுத்தமாக இருந்தால் வாசலுக்கு வந்து கையாட்டுவார். இல்லையென்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து ஏறுவார். பசியில் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். "கை கழுவவா வந்தோம், சாப்பிடவா?" என்று கத்தியிருக்கிறேன். ஆனால் ஒரு தடவைகூட மோசமான இட்லி சாப்பிட்டதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் போய்ச் சேர்ந்து பதினோரு மாதம் கழித்து, இந்த தசராவுக்குத் தனியாகக் கிளம்பினேன். "வண்டிய வித்துட்டு எங்கூட வந்து இரு. தனியா எங்க போய் என்னத்த சாப்பிடப்போற?" என்று ஓசூரிலிருக்கும் அக்கா நச்சரித்துக்கொண்டிருந்தாள். மைசூர் வரை போய்வந்து பதில் சொல்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

மைசூர் ரோட்டில் கெங்கேரி வருவதற்குள் மூன்று ஹோட்டல் முன்னால் நிறுத்தினேன். போனில் மூன்றுக்கும் நாலரை நட்சத்திரம். குடும்பம் குடும்பமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு இறங்கவே மனம் வரவில்லை. நான்காவதில் பசிதான் பிடித்துத் தள்ளியது. எத்தனை பேர் என்று வாசலிலேயே சர்வர் கேட்டார், "எஷ்டு ஜனா?" வாய் தானாக "எரடு" என்றது. இரண்டு பேர். திருத்திச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

எதிரெதிரே இரண்டு நாற்காலி. இரண்டு தம்ளர் தண்ணீர் வந்தது. எதிர் நாற்காலியில் கைப்பையை வைத்தேன். பெங்களூரில் முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேஜையில் சாப்பிடுவது சகஜம், கூட்ட நாளில் காலி நாற்காலியை யாரும் விட்டுவைக்க மாட்டார்கள். ஒருவர் வந்து கேட்டார். "பர்தாரெ" என்றேன், வருகிறார் என்று. இன்னொருவர் கேட்டார். அவருக்கும் அதே பொய். தோசை வந்து ஆறியது. அவ்வளவு கூட்டத்தில் தனியாக வந்தவள் நான் ஒருத்திதான் என்று தோன்றியது. கூச்சமாகவும் இருந்தது, என்மேலேயே கோபமாகவும் இருந்தது.

அப்போது என் வயதில் ஒரு பெண்மணி, காபியும் கையுமாக, முழங்கால் வலியோடு வந்து நின்றார். முகத்தைப் பார்த்தே எப்படித்தான் கண்டுபிடிப்பார்களோ, தமிழிலேயே கேட்டார்.

"இங்க யாராச்சும் வர்றாங்களாம்மா?"

கன்னடத்தில் இரண்டு முறை வந்த பொய் தமிழில் வரவில்லை.

"யாரும் வரமாட்டாங்க. உக்காருங்க."

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். யாரும் வரமாட்டார்கள் என்று நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. அவர் காபியை ஊதி ஊதிக் குடித்தார். நான் ஆறிப்போன தோசையை ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டு, வண்டியை விற்கப்போவதில்லை என்றேன். சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். அவளோ, "சரி, சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

"சாப்ட்டேன்" என்று சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.