மஞ்சள் கோட்டில் நின்ற பஸ்

எங்கள் கொட்டாஞ்சேனை றோட்டில் பஸ்கள் வேகம் குறைப்பது கோயில் வாசலில் மட்டும்தான்.

டிரைவர்மார் சாமி கும்பிடுகிற அந்த நேரம் பார்த்துத்தான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு றோட்டைக் கடப்பேன். பாடசாலைக்கு முன்னால், ஆட்கள் கடப்பதற்கென்று போட்டிருக்கும் மஞ்சள் கோடுகளை யாரும் மதிப்பதில்லை.

போன கிழமை அந்தக் கோடுகள் இருந்த இடத்தையே வேகத்தடை மாதிரி மேடாக உயர்த்திவிட்டார்கள். இன்று காலை பழக்கதோஷத்தில் கோயில் பக்கம் நடந்தேன். மகள் கையை இழுத்தாள்.

“அம்மா, இப்ப இங்கயும் நிப்பாட்டுவினம்.”

நம்பிக்கையில்லாமல்தான் மேட்டில் கால் வைத்தேன். வந்த பஸ் நின்றேவிட்டது!

டிரைவர் தலையை நீட்டி, “போங்க மிஸ். இதுல வேகமா ஏறினா ஸ்பிரிங் உடைஞ்சிரும்” என்றார்.

ஸ்பிரிங்குக்காக என்றாலும் நின்றாரே, அது போதும்.

மேட்டைப் போட்ட எஞ்சினியருக்கு வெள்ளிக்கிழமை அர்ச்சனை செய்யப்போகிறேன். அவருடைய பெயர், நட்சத்திரம் தெரிந்தவர்கள் கீழே கமெண்டில் சொல்லுங்கள்.