கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்ன வக்கீல்

பூந்தமல்லி நீதிமன்ற வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. வழக்கறிஞர் சாரதாமணி அம்மையார் இறந்துவிட்டார். முகப்பேர் வீட்டில், கோர்ட்டுக்குக் கிளம்பிக் கறுப்புக் கோட்டைக் கையில் எடுத்தவர் அப்படியே சரிந்தாராம். "எந்த சாரதாமணி?" என்று கேட்டேன். இத்தனை ஆண்டு நீதிமன்றச் செய்தி எழுதியதில் எனக்குத் தெரிந்தது ஒரே சாரதாமணிதான்.

"நல்ல கிரிமினல் வக்கீல் யாருங்க?" என்று நிருபர்களிடம் கேட்பார்கள். நான் அவரைக் கைகாட்டுவேன். அவரோ வழக்கை உடனே எடுக்க மாட்டார். "நாளைக்கு ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்றேன். கடைசி பெஞ்சில உட்கார்ந்து பாருங்க. மத்த வக்கீல்களையும் பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க" என்பார்.

"இன்னா மேடம், பொண்ணு பாக்க வரச் சொல்றீங்களா?" என்று சக வக்கீல்கள் கிண்டல் செய்வார்கள்.

"கல்யாணத்துல மாட்டினாக்கூட வெளிய வந்துடலாம்யா. ஜெயில்ல மாட்டினா?"

அப்படிப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் பாடியைச் சேர்ந்த கஸ்தூரி. லேத் பட்டறையில் வேலை பார்த்த அவர் மகன் முருகன் கொலை முயற்சி வழக்கில் சிறையில் இருந்தார். நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்த கஸ்தூரிக்குத் திருப்தியில்லை.

"இன்னாம்மா, நீங்க இம்மாம் மெதுவா பேசறீங்க? அந்தக் கண்ணாடிக்காரரு கத்தறதுல ஃபேனே நின்னுடும் போல கீது."

சாரதாமணி சிரித்தார். "அவர் கத்தும்போது டைப் அடிக்கிற பொண்ணைப் பார்த்தீங்களா?"

"சும்மா நகத்தைப் பாத்துகினு இருந்துச்சு."

"நான் கேட்கும்போது?"

கஸ்தூரி யோசித்தார். "அடிச்சிகினே இருந்துச்சு."

"சாட்சி சொல்ற பதில் பதிவாகணும். அப்பீலுக்குப் போனாலும் அதுதான் நிக்கும். விடுதலை வாங்கித் தர்றேன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு சாட்சியையும் கேட்காம விட மாட்டேன்."

கஸ்தூரி வழக்கை அவரிடமே கொடுத்தார். சொன்னபடியே ஒவ்வொரு சாட்சியாகக் கேட்டார். முருகன் கையில் கத்தியைப் பார்த்ததாகச் சொன்ன முக்கிய சாட்சி மட்டுமே பாக்கி. அந்தக் குறுக்கு விசாரணை, அம்மையார் இறந்த மறுநாள்.

சாட்சி கூண்டில் தயாராக நின்றார். புதிதாக மாறி வந்திருந்த நீதிபதி முருகனிடம், "உங்க வக்கீல் யாரு?" என்றார்.

"சாரதாமணி மேடம்ங்க ஐயா. இப்ப வந்துடுவாங்க."

சிறையில் அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வக்கீல்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கஸ்தூரிதான் எழுந்தார்.

"வர மாட்டாங்கடா. நேத்தே போய்ட்டாங்க."

வேறு வக்கீல் வைத்துக்கொள்ள நீதிபதி அவகாசம் தந்தார். வெளியே வந்ததும் கஸ்தூரி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே யாரைப் போய் பாக்கறது சார்?"

போலீஸ் வேனில் ஏறும்வரை முருகன் திரும்பித் திரும்பிப் பார்த்தார், வக்கீல்கள் நடந்து வரும் பாதையை. சாரதாமணி அம்மா, நானும் பார்த்தேன். நீங்கள் இல்லை என்பதில் எங்களுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் விடை தருகிறோம்.